கண்காணிக்கும் கண் யாருடையது?

கொழும்பு மாநகரில் 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ‘சிற்றி ஒவ் ட்ரீம்ஸ்’ என்னும் பெயர் தாங்கிய உல்லாச மாளிகையொன்று கசினோ என்னும் சூதாட்ட விடுதியோடு திறந்துவைக்கப்பட்டது. நம் நாட்டு ஜோன் கீல்ஸ் நிறுவனமும் மக்காவோவில் சூதாட்டத் தொழில் நடத்தும் மெல்கோ நிறுவனமும் கூட்டுச் சேர்ந்த முயற்சி அது. நூறு கோடி அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட முதல் அதில் கொட்டப்பட்டிருக்கிறது. இத்தகைய மாளிகை எழும்போதெல்லாம் அதன் சரவிளக்கை வியப்போர் உண்டு. வரப்போகும் அந்நியச் செலாவணியை எண்ணிக் களிப்போர் உண்டு. சூதின் கேட்டைப் பற்றி நான்கு சொல் கூறிக் கடமை முடிந்ததென்று அமைவோரும் உண்டு. இம்மூவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சூதாட்ட விடுதியில் நாம் கற்கவேண்டிய பாடம் மேசையில் இல்லை, கூரையில் இருக்கிறது.

ஆம், கூரையிலே பதித்துவைக்கப்பட்ட கமராக்களைப் பற்றியே இங்கு பேசப்புகுகின்றோம். குடாநாட்டில் கசினோ கிடையாது. இருக்க, யாழ்ப்பாணத்து வாசகனுக்கு அந்தக் கமராக்களால் ஆவதென்ன என்று கேட்கலாம். கசினோ வராத ஊருக்கும் கசினோவின் கண் வந்துவிடுகிறது என்பதே எமது விடை. அந்தக் கண் முதலில் எவருக்காகச் செய்யப்பட்டது, எவரைப் பார்க்கச் செய்யப்பட்டது என்பதை அறியாதவன், அது தன் வீதிச் சந்தியில் வந்து நிற்கும்போது அதனிடம் என்ன கேட்கவேண்டும் என்பதையும் அறியமாட்டான்.

ஒரு சூதாட்ட விடுதி தன் பழைய கமராக்களைக் களைந்து வலையமைப்புக் கமராக்களை மாட்டத் திட்டமிடுவது எவ்வாறு என்பதை முதலிற் பார்ப்போம். முற்காலத்தில் அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளின் கூரைக்கு மேலே ஒடுங்கிய நடைபாதைகள் இருந்தன. ஒருபுறம் மட்டும் பார்க்கத்தக்க கண்ணாடியினூடாக ஆட்கள் குனிந்து நின்று மேசைகளை நோக்குவர். பின்னர் கமராக்கள் வந்தன. வடங்கள் வழியே படம் கட்டுப்பாட்டறைக்குப் போய், ஒளிநாடாவிற் பதிவானது. இன்று வருவன வலையமைப்புக் கமராக்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு கணனி. ஒரே வடத்தில் மின்சாரமும் படமும் பாய்கின்றன. சாதாரணச் செப்பு வடம் நூறு மீற்றருக்கு அப்பாற் செல்லாது என்பதால் இடையிடையே இணைப்புக் கருவிகளும், நெடுந்தொலைவுக்கு ஒளியிழை வடமும் வேண்டும்.

திட்டமிடுவோர் முதலிற் கேட்கும் கேள்வி, ‘எத்தனை கமரா வேண்டும்?’ என்பதன்று, ‘எதைக் காணவேண்டும்?’ என்பதே. மேசையில் விழும் கடதாசியின் இலக்கம் தெரியவேண்டுமா, சூதாட்ட வில்லையின் பெறுமதி தெரியவேண்டுமா, ஆடுவோன் முகம் தெரியவேண்டுமா, காசறையில் நோட்டு எண்ணும் விரல் தெரியவேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கோணம், வெவ்வேறு கூர்மை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சட்டவிதிகள், மேசையில் ஆடுவோரையும் ஊழியரையும் அடையாளங் காணவும், கடதாசிகளையும் வில்லைகளையும் ஆட்டத்தின் முடிவையும் தெளிவாக அறியவும் தக்கவாறு கமரா அமையவேண்டுமென விதிக்கின்றன. விரைந்து நகரும் கையைத் தவறவிடாதிருக்க விநாடிக்கு முப்பது படங்கள் பதிவாகவேண்டும்.

இவ்வாறு பதிவாகும் ஒரு கமரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் தரவு அனுப்புகிறதென்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 43 கிகாபைட். ஆயிரம் கமரா உள்ள விடுதியில் ஒரு நாளுக்கு 43 டெராபைட். முப்பது நாள் வைத்திருக்க வேண்டுமெனில் ஏறக்குறைய 1,300 டெராபைட். அத்தனையையும் தாங்கச் சேமிப்புக் கருவிகள். ஒன்று பழுதானால் இன்னொன்று. மின்சாரம் நின்றால் மாற்று மின்சாரம். விடுதியின் ஏனைய கணனிகள் தீண்டாத தனி வலையமைப்பு. பழைய முறையை ஒரே இரவில் அகற்றுவதுமில்லை. புதியது சரிவர இயங்குகிறதென்று உறுதியாகும்வரை பழையதும் உடன் ஓடும். ஏனெனில் கமராவின் கண் படாத மேசையில் ஆட்டம் நடத்துவதில்லை என்பது இத்தொழிலின் எழுதாத விதி. சில நாடுகளில் எழுதப்பட்ட விதியுங்கூட.

இத்தனை நுணுக்கத்தையும் கண்டு வியக்கிறோம். மனித அறிவின் திறமை இது. இதை இகழ்வது எமது நோக்கமன்று. ஆயினும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. இத்தனை கண்களும் எவரை நோக்கித் திரும்பியிருக்கின்றன?

மேசையில் கடதாசி பகிரும் ஊழியனை டீலர் என்பர். அவன் தன் முறை முடிந்து மேசையை விட்டு விலகுமுன் இரு கைகளையும் தட்டி, உள்ளங்கையும் புறங்கையும் தெரியுமாறு கூரைக் கமராவுக்குத் திருப்பிக் காட்டவேண்டும். ‘நான் ஒரு வில்லையையும் ஒளிக்கவில்லை’ என்று ஒவ்வொரு முறையும் அவன் சத்தியம் செய்து காட்டும் சடங்கு அது. ஒரு நாளில் எத்தனை முறை மேசை மாறுகிறானோ அத்தனை முறை அவன் தன்னைக் கள்வன் அல்லன் என்று மெய்ப்பிக்கவேண்டும். அந்தக் கமராவுக்குத் தம் கையை விரித்துக் காட்டும் முதலாளியை எவரேனும் கண்டதுண்டா? விடுதியின் ஆண்டுக் கணக்கு எழுதப்படும் அறையின் மேசைக்கு நேர்மேலே, எழுத்து வாசிக்கத்தக்க கூர்மையோடு கமரா பூட்டப்படுவதுண்டா?

கங்காணி என்னும் சொல்லை நாம் அறிவோம். மலையகத் தோட்டங்களில் உழைத்த எம் மக்களின் முதுகுகளுக்கு அச்சொல் நன்றாகத் தெரியும். கண்காணி என்பதே கங்காணி ஆயிற்று. துரையின் கண்ணாக நின்று தொழிலாளியின் கையைக் காண்பவன் அவன்; தொழிலாளியின் கண்ணாக நின்று துரையின் கணக்கைக் கண்டவன் அல்லன். கூரைக் கமரா அந்தக் கங்காணியின் வழித்தோன்றல். பிரம்பு மட்டும் கையில் இல்லை. பிரம்பு தேவைப்படாத அளவுக்குப் பார்வை கூர்மையடைந்துவிட்டது.

‘கமரா ஒரு கருவிதானே, அதற்குப் பட்சபாதம் ஏது?’ என்று அறிவியலின் பெயரால் வாதிப்போர்க்கு இரு நிகழ்ச்சிகளை முன்வைக்கின்றோம்.

முதலாவது, அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் நிகழ்ந்தது. அங்குள்ள கிரவுண் சூதாட்ட விடுதியில் ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் பறிபோனமை 2013ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கன்னமிட்டவர் சுவரை உடைக்கவில்லை, துப்பாக்கி ஏந்தவில்லை. விடுதியின் சொந்தக் கமராக்கள் கண்ட காட்சி, பெருந்தொகை வைத்து ஆடிய ஒருவனுக்குச் சைகையாக எட்டியது என்றே செய்திகள் கூறின. காவலுக்கு வைத்த கண்ணே கன்னக்கோலாயிற்று. கமரா எவரைப் பார்க்கிறது என்பதோடு, கமரா கண்டதை எவர் பார்க்கிறார் என்பதும் சேர்ந்தே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இரண்டாவது, இன்னும் பாரதூரமானது. 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கிக்குச் சொந்தமாக நியூயோர்க்கில் இருந்த பணத்திலிருந்து 95 கோடி டொலருக்கு மேல் கணனிக் களவாற் கவர முயன்றனர். அதில் 2 கோடி டொலர் இலங்கைக்கு வந்தது. பெறுவோரின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையொன்று ஐயத்தைக் கிளப்ப, அது தடுக்கப்பட்டது. ஆனால் 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டு வங்கியொன்றின் கிளைக்குப் போய், அங்கிருந்து பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் புகுந்து மறைந்தது. பணம் எடுக்கப்பட்ட அந்த நாட்களில் அவ்வங்கிக் கிளையின் கமராக்கள் இயங்கவில்லை என்று பின்னர் அந்நாட்டு மேற்சபை விசாரணையிற் கூறப்பட்டது! பணச்சலவைத் தடைச் சட்டமோ அப்போது அந்நாட்டுச் சூதாட்ட விடுதிகளைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு 2017இலேதான் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு மேசையின் கமரா பழுதானால் ஆட்டம் நிற்கிறது. ஓர் ஏழை நாட்டின் கருவூலம் கைமாறும்போது கமரா பழுதானால் எதுவும் நிற்பதில்லை. விடுதிக்குள் புகுந்த அந்தப் பணம் வில்லைகளாக மாறி மேசைமேல் வைக்கப்பட்டது. ஒவ்வொரு வில்லையையும் கூரைக் கண் காணத்தக்கதாயிருந்தது. வில்லைக்குப் பின்னாலிருந்த களவைக் காண அதற்குக் கட்டளை இல்லை. கமராவுக்குப் பட்சபாதம் இல்லாதிருக்கலாம். அதைத் திட்டமிடுவோர்க்கு உண்டு. எதைக் காணவேண்டும் என்ற முதற் கேள்வியிலேயே எதைக் காணவேண்டாம் என்ற விடையும் அடங்கிவிடுகிறது.

நம் நாட்டு நிலை என்ன? 1889ஆம் ஆண்டிலே வெள்ளையர் சூதாட்டத் தடைக் கட்டளைச் சட்டமொன்றை இயற்றினர். பொது இடத்திற் பந்தயம் வைத்து ஆடுவோரைப் பிடிக்க அது பொலிசாருக்கு வகைசெய்தது. பனங்காணிக்குள்ளே பாய் விரித்துக் காசு வைத்து முன்னூற்றிநாலு ஆடியவன் அந்தச் சட்டத்துக்கு அஞ்சி ஓடினான். அதே நாட்டில் 1988ஆம் ஆண்டு பந்தய, சூதாட்ட வரிச் சட்டமும், 2010ஆம் ஆண்டு கசினோத் தொழில் ஒழுங்குபடுத்தற் சட்டமும் வந்தன. 2025 ஓகஸ்டில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டில், இலங்கைப் பிரசை கசினோவுக்குள் நுழையச் செலுத்தும் வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தவும் அரசு திருத்தம் கொண்டுவந்தது. வாசலிலே காசு வாங்கிவிட்டால் தன் கடன் தீர்ந்ததென்று அரசு எண்ணலாகாது. உள்ளே பதிவாகும் காட்சி எவருக்குரியது? தான் ஏமாற்றப்பட்டதாகக் கூறும் ஆட்டக்காரன் அந்தப் பதிவைக் கேட்டுப் பெறலாமா? களவுப்பழி சுமத்தப்பட்ட டீலர் தன் நிரபராதத்தை நிறுவ அதைக் காட்டலாமா? அல்லது, முதலாளிக்கு வேண்டியபோது மட்டும் நினைவாற்றல் பெற்று, வேண்டாதபோது மறதி கொள்ளும் கண்ணாகவே அது இருக்கப்போகிறதா?

புதிய அதிகாரசபை இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை தரவேண்டும். 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின் எல்லைக்குள் கசினோவும் அடங்கும். ஆகவே காசறைக் கமராவின் பதிவை எத்தனை நாள் காக்கவேண்டும், அதை அழிக்கும் உரிமை எவருக்கும் தனித்து இல்லாதிருக்க என்ன ஏற்பாடு என்பன விடுதிக்காரனின் விருப்பத்துக்கு விடப்படத்தக்கனவல்ல. கமரா வாங்க விலைமனுக் கோரும் முன்பே இவ்விதிகள் வகுக்கப்படவேண்டும். பூட்டிய பின்னர் விதி தேடுவது, குதிரை ஓடிய பின் லாயத்தைப் பூட்டுவது போன்றதே.

இனி, கசினோவின் கண் வீதிக்கு வந்த கதையைப் பார்ப்போம். சூதாட்ட விடுதிகள் நெடுங்காலமாக ‘வேண்டாதவர்’ பட்டியல் வைத்திருக்கின்றன. ஏமாற்றுவோர் மட்டுமல்லர், ஆட்டத்தை மூளையாற் கணக்கிட்டு வெல்வோரும் அதில் இடம்பெறுவர். கையிற் படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு முகத்தைத் தேடிய வேலையைப் பின்னர் கணனி ஏற்றது. முகத்தின் அளவுகளைக் கொண்டு ஆளை இன்னானெனக் கூறும் பொறிகளுக்குச் சூதாட்ட விடுதிகள் தொடக்கக்காலப் பயிற்சிக் களமாயின. அதே வகைப் பொறி 2001 ஜனவரியில் அமெரிக்காவின் தம்பா நகரில், உதைபந்து இறுதிப் போட்டி பார்க்க வந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களின் முகங்களை அவர்கள் அறியாமலே ஆராய்ந்தது. விடுதிக்குள் நுழைந்தவன் தன் விருப்பால் நுழைந்தான். விளையாட்டுப் பார்க்க வந்தவன் என்ன பந்தயம் கட்டினான்? தனியார் மண்டபத்து வழக்கம் பொது வெளியின் வழக்கமாயிற்று.

நம் நாட்டிலும் 2024 ஜனவரி முதல் கொழும்பு வீதிகளிற் போக்குவரத்து விதி மீறுவோரைக் கமராப் பதிவு கொண்டு பொலிசார் பிடிக்கத் தொடங்கினர். யாழ்ப்பாணத்திலோ 2019ஆம் ஆண்டில் மாநகர சபை ‘ஸ்மார்ட்’ விளக்குக் கம்பங்கள் நட முற்பட்டபோது பெரும் எதிர்ப்பு மூண்டது. அன்று மக்கள் அஞ்சியது கம்பத்திலிருந்து வரக்கூடிய கதிர்வீச்சை. விளக்கையும் தொலைத்தொடர்புக் கருவியையும் சுமக்கும் கம்பம் கமராவையும் சுமக்கவல்லது. அந்தக் கமராவின் பதிவு எங்கே போகும், எவர் பார்ப்பார் என்ற கேள்வியோ கதிர்வீச்சுச் சர்ச்சையின் இரைச்சலில் ஒலிக்கவே இல்லை. உடலைப் பற்றிய அச்சத்துக்குக் குரல் கிடைத்தது. உரிமையைப் பற்றிய அச்சத்துக்குக் கிடைக்கவில்லை.

குடாநாடு பார்வைக்குப் புதியதன்று. எங்கள் கிடுகு வேலிகளிலே பொட்டுகள் இருந்தன. அயல்வீட்டார் அவற்றினூடாகப் பார்த்தனர், வம்பும் வளர்த்தனர், அதே பொட்டினூடாகக் கறிக்கிண்ணமும் கைமாறிற்று. பொட்டின் இயல்பு, இருபுறமும் பார்க்கலாம் என்பது. கொடிய பார்வைகளையும் இம்மண் கண்டிருக்கிறது. கோயில் வாசலிலும் தேநீர்க் கடைப் படியிலும் நின்று, உள்ளே வருபவன் என்ன சாதி என்று அளந்த கண்கள் இருந்தன. 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில் அந்தக் கண்களை எதிர்த்தே ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றனர். ஆகவே ‘பழைய ஊர் நல்லூர், கமரா வந்ததாற் கெட்டது’ என்று நாம் கூறவில்லை. ஒருபுறம் மட்டும் பார்க்கும் கண் எந்த உருவில் வந்தாலும் அது ஆதிக்கத்தின் கண் என்பதையே வற்புறுத்துகின்றோம்.

அத்தகைய கண்களுட் கொடியதை யாழ்ப்பாணம் ஒரு பெயரிட்டு அழைத்தது. அப்பெயர் ‘தலையாட்டி’. சுற்றிவளைப்பு நாட்களில் ஆண்கள் அனைவரையும் பள்ளிக்கூட வளவிலோ கோயில் வீதியிலோ திரட்டி, வரிசையாக நடக்கவிடுவர். முகத்தை மூடிய ஒருவன் அங்கே இருப்பான். அவன் தலையசைத்தால் அந்த மனிதனின் கதி முடிந்தது. ஏன் அசைத்தாய், எதைக் கண்டு அசைத்தாய், உனக்கு என்ன கொடுத்தார்கள், உன்னை என்ன செய்தார்கள் என்று எவரும் கேட்கமுடியாது. மறுத்துப் பேச முகமே இல்லை.

முகத்தை இனங்காணும் கமராவை மின்னியக்கத் தலையாட்டி என்கின்றோம். இது உவமைக்காகக் கூறும் மிகையன்று. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகருக்கு அருகில் 2020 ஜனவரியில் ஒரு கறுப்பின மனிதர் தம் மனைவி மக்கள் முன்னிலையில் விலங்கிடப்பட்டார். 2018இற் கடையொன்றிற் கைக்கடிகாரங்கள் களவுபோயின. கமராவிற் பதிந்த மங்கலான முகத்தைப் பார்த்துப் பொறி தலையசைத்தது. அசைத்தது தவறான ஆளை நோக்கி. மணிக்கணக்காகச் சிறையிற் கிடந்த பின்னரே அவர் வெளியே வந்தார். அங்கே நீதிமன்றமும் செய்தித்தாளும் இருந்தமையால் அந்தத் தவறு வெளியாயிற்று. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 முதல் ஆட்சி செலுத்திய நாட்டில், விளக்கமறியலில் ஆண்டுகளைத் தொலைத்த இளைஞர்களின் ஊரில், பொறியின் தலையசைப்பு எதுவரை செல்லும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

‘குற்றம் செய்யாதவன் ஏன் அஞ்சவேண்டும்?’ என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர். வரிசையில் நடந்த எங்கள் தந்தையரும் தமையன்மாரும் குற்றம் செய்தவர்களா என்று அவர்களையே திருப்பிக் கேட்கின்றோம்.

ஆயினும் மறுதரப்பில் நியாயமான ஒரு குரல் உண்டு. அதை நாம் அலட்சியப்படுத்தவில்லை. வாள்வெட்டுக் குழுக்கள் இரவில் வீடு புகுந்து வெட்டிய காலத்தில், கதவுக்குப் பின்னே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நடுங்கிய தாய் தன் வாசலில் ஒரு கமரா வேண்டுமென்று கேட்டால் அவளுக்குத் தத்துவம் பேசுவது அநீதி. கடைக்காரனும் மாட்டட்டும், வீட்டுக்காரனும் மாட்டட்டும். வெட்டியவனின் முகத்தை அது காட்டுமானால் நன்றே. ஆனால் முகம் தெரிந்தால் நீதி வந்துவிடும் என்று நம்புவோர் யாழ்ப்பாணத்தின் வரலாற்றை மறந்தவராவர்.

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் தொடங்கிய அந்த இரவுகளிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அதைக் காணக் கமரா வேண்டியிருக்கவில்லை. நகரமே கண்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எரித்தவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. கண் இருந்தது, நீதி இல்லை.

செம்மணியை எண்ணிப்பாருங்கள். 1996 செப்டெம்பரிற் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்ட பள்ளி மாணவி கிருஷாந்தியும், அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற இராணுவத்தினன் ஒருவன் நீதிமன்றத்தில் வாய் திறந்து, முந்நூறு நானூறு உடல்கள் அங்கே புதைந்திருப்பதாகக் கூறினான். 1999இல் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. பின்னர் கால் நூற்றாண்டு மௌனம். 2025இல் அரியாலை சிந்துபாத்தி மயானத்தில் மீண்டும் மண் அகழப்பட்டபோது, செப்டெம்பருக்குள் இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன, குழந்தைகளுடையனவும் இருந்தன, நீலநிறப் புத்தகப்பை ஒன்றும் இருந்தது. சாவடியிலே வருவோர் போவோர் அனைவரையும் பார்த்த கண்களுக்குக் குறைவில்லாத காலம் அது. அந்தப் பார்வையெல்லாம் ஒருபுறப் பார்வை. மண்ணுக்குள் போனவர்களை வெளியே கொணர்ந்தது கண்ணன்று. பேசிய வாயும், விடாது கேட்ட உறவினரின் வாயுமே.

பாரதக் கதை கேட்டு வளர்ந்தோர் நாம். அந்தச் சூதாட்ட மண்டபத்திற் கண்களுக்குப் பஞ்சமா? வீட்டுமன் இருந்தான், துரோணன் இருந்தான், அரசர் கூட்டமே இருந்தது. பகடை உருண்டதையும் கண்டனர். பாஞ்சாலியின் துகில் பற்றி இழுக்கப்பட்டதையும் கண்டனர். கண்டவருட் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. மண்டபம் எவருடையதோ அவருடையவையாகவே அந்தக் கண்களும் இருந்தன.

ஆகவே கமரா வேண்டுமா வேண்டாமா என்னும் பட்டிமன்றத்தில் எமக்கு அக்கறையில்லை. முதலாளி தன் பணத்தைக் காக்கும்போது என்னென்ன ஒழுங்குகளைக் கேட்டுப் பெறுகிறானோ, அதே ஒழுங்குகளை மக்கள் தம் உரிமையைக் காக்கும்போதும் கேட்கவேண்டும் என்பதே எமது வாதம். கசினோவின் திட்டத்தாளையே எடுத்துக்கொள்வோம்.

எதைக் காண்பதற்கு என்று எழுதாமல் கசினோவில் ஒரு கமராவும் பூட்டப்படுவதில்லை. அவ்வாறே, வீதிச் சந்தியிற் பூட்டப்படும் ஒவ்வொரு பொதுக் கமராவுக்கும் நோக்கம் எழுத்தில் அறிவிக்கப்படவேண்டும். விபத்தைக் காண வைத்த கண் ஊர்வலத்தை எண்ணலாகாது. பதிவை எத்தனை நாள் வைப்பதென்று கசினோ முன்கூட்டியே கணக்கிடுகிறது. அவ்வாறே, எத்தனை நாளில் அழிக்கப்படும் என்ற வரம்பு மக்களுக்குத் தெரியவேண்டும். கட்டுப்பாட்டறைக்குள் எவர் எப்போது நுழைந்தார், எந்தப் பதிவைப் பார்த்தார் என்பதைக் கசினோ குறித்துவைக்கிறது. அவ்வாறே, பொலிசார் பார்த்தாலும் இராணுவத்தினர் பார்த்தாலும் குறிப்பு இருக்கவேண்டும். அந்தக் குறிப்பேடு நீதவானின் கைக்கு எட்டவேண்டும். கசினோவிற் கமராவைப் பார்ப்பவன் மேசையை நடத்துபவனுக்குக் கீழ்ப்பட்டவனாய் இருப்பதில்லை. அவ்வாறே, எவர்மேல் முறைப்பாடு வரக்கூடுமோ அவரிடமே பதிவு முழுவதையும் ஒப்படைப்பது நீதியாகாது. கமரா பழுதானால் கசினோ மேசையை மூடுகிறது. அவ்வாறே, தடுப்புக் கூடத்தின் கமரா பழுதாயின் அங்கே விசாரணை நடத்தலாகாது. முகத்தை இனங்காணும் பொறி எவ்வகையிலும் தனித்துத் தலையசைக்க அனுமதிக்கப்படலாகாது.

இவை கனவுகளல்ல. தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வருமென அறிவித்துவிட்டு, அந்த நாள் வருமுன்பே அதை ஒத்திவைத்தனர். கமரா வாங்குவதில் இல்லாத தயக்கம் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் மட்டும் ஏன்? 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் பொலிஸ் திணைக்களத்திடமும் அதைக் கொண்டு கேட்கலாம்: எத்தனை கமரா, எங்கே, எதற்கு, பதிவு எவரிடம், எத்தனை நாள்? வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் மாணவர் மன்றங்களும் தத்தம் ஊருக்கு இந்த ஐந்து கேள்விகளையும் எழுதி அனுப்பட்டும். விடை வந்தால் அதை வாசிகசாலைப் பலகையில் ஒட்டுவோம்; வராவிட்டால் வரவில்லை என்பதையே ஒட்டுவோம்.

கூரையிலிருந்து நம்மைப் பார்க்கும் கண்ணை நாமும் பார்க்கத் தொடங்குவோம். பொட்டு இருபுறமும் திறந்ததாகவே இருக்கட்டும்.